புலிகேசி நகரில் ‘சிவகாமியின் சபதம்’

பெங்களூரில் ஃபிரேசர் டவுன் என்று பேச்சில் இன்றும் வழங்கும் பகுதியின் அதிகாரபூர்வப் பெயர் புலிகேசி நகர். சட்டமன்றத் தொகுதிக்கும் அந்தப் பெயர்தான். அல்சூர், காக்ஸ் டவுன், சிவாஜி நகர் என்று அக்கம்பக்கமெல்லாம் தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழும் இடங்கள். அங்கே வளரும் தமிழ்ப் பிள்ளை பள்ளிப் படிவத்தில் முகவரி எழுதும்போதெல்லாம் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியின் பெயரை எழுதுகிறது. வடக்கே ஹர்ஷவர்த்தனரையே நர்மதைக் கரையில் தடுத்து நிறுத்தியவன், கன்னட நாட்டின் பெருமை என்று பள்ளிக்கூடம் சொல்லித் தருகிறது. ராஜ்குமார் அந்த மன்னனாக நடித்த கன்னடப் படம் 1967இல் வந்தது. அதே பிள்ளை சற்று வளர்ந்து, நூலகத்தின் தமிழ் அலமாரியிலிருந்து கல்கியின் ‘சிவகாமியின் சபத’த்தை எடுத்து வந்து படித்தால், அதில் புலிகேசி பல்லவ நாட்டு ஊர்களைக் கொளுத்துகிறான். சிற்பிகளின் கை கால்களை வெட்ட ஆணையிடுகிறான். சிறைபிடித்துக் கொண்டுபோன நடனமணியை வாதாபியின் நாற்சந்தியில் ஆட வைக்கிறான்.

இந்த இரண்டு புலிகேசிகளில் எவன் உண்மையானவன் என்ற கேள்விக்கு உதவக்கூடிய புத்தகங்கள் பெரும்பாலும் அதே நூலகத்திற்குள்ளேயே இருக்கின்றன. ஆனால் வேறு அலமாரியில், வேறு மொழியில், சில சமயம் வேறு மாடியில் இருக்கின்றன. ஒரு பொது நூலகம் தரும் நாயகர்களும் வில்லன்களும் எங்கிருந்து வருகிறார்கள், எதிர்த்தரப்பின் புத்தகம் நம் கைக்கு ஏன் எட்டுவதில்லை என்பதைப் பெங்களூர்த் தமிழர்களின் நிலையிலிருந்து பார்த்தால் மிகத் தெளிவாகத் தெரியும். எல்லைக்கு இப்பால் இருந்துகொண்டு அப்பால் உள்ள மொழியில் படிப்பவர்கள் நாம்.

முதலில் கல்கியின் கதைக்கு அடியில் இருக்கும் கற்களைப் பார்க்கலாம். புலிகேசியின் புகழுக்கு முதன்மைச் சான்று கர்நாடகத்தின் ஐஹொளெயில், மேகுடி சமணக் கோயில் சுவரில் உள்ள கி.பி. 634ஆம் ஆண்டுக் கல்வெட்டு. பாடியவர் ரவிகீர்த்தி என்ற சமணப் புலவர். காளிதாசனுக்கும் பாரவிக்கும் நிகரான புகழ் தனக்கு உண்டு என்று அதிலேயே சொல்லிக்கொள்ளும் அளவுக்குத் தன்னம்பிக்கை உள்ளவர். பல்லவ மன்னனின் ஒளி தன் அரசனுடைய சேனை கிளப்பிய புழுதியில் மங்கியது, அவன் காஞ்சியின் மதில்களுக்குப் பின்னே மறைந்துகொண்டான் என்று அவர் பாடுகிறார். பல்லவர் தரப்பும் சும்மா இருக்கவில்லை. கூரம் செப்பேடு, பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய போர்க்களங்களில் புறமுதுகிட்ட புலிகேசியின் முதுகையே பட்டயமாகக் கொண்டு அதில் ‘விஜயம்’ என்ற சொல்லைப் பல்லவன் நரசிம்மவர்மன் எழுதினான் என்கிறது. மணிமங்கலம் தாம்பரத்திற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 642ஐ ஒட்டிச் சாளுக்கியரின் தலைநகர் வாதாபி வீழ்ந்தது. இன்று பாதாமி என்று வழங்கும் அவ்வூரின் பாறை ஒன்றில் நரசிம்மவர்மனின் சிதைந்த கல்வெட்டு இன்றும் இருக்கிறது. அந்தப் படையெடுப்பைத்தான் பெரியபுராணம், பல்லவப் படைத்தலைவராக இருந்த சிறுத்தொண்டரைப் பற்றிச் சொல்லும்போது ‘வாதாவித் தொன்னகரம் துகளாக’ என்று பாடுகிறது.

ஆக, இரு தரப்பும் அந்த நூற்றாண்டிலேயே தத்தம் நாயகனைச் செதுக்கிவிட்டன. இரண்டுமே வெற்றியைக் கொண்டாடி அவரவர் தரப்பில் எழுதப்பட்ட மெய்க்கீர்த்திகள். இந்த இரண்டுக்கும் வெளியே நின்று பேசுகிற ஒரே குரல், புலிகேசியின் நாட்டுக்கு வந்துபோன சீனப் பயணி யுவான் சுவாங்குடையது. அந்நாட்டு மக்கள் நேர்மையானவர்கள், செய்ந்நன்றி மறவாதவர்கள், அவமதித்தவரை விடமாட்டார்கள் என்று அவர் எழுதினார். தோற்றுத் திரும்பும் தளபதியைத் தண்டிப்பதில்லை, பெண்கள் உடுக்கும் உடையைக் கொடுத்துவிடுவார்கள், அந்த அவமானம் தாங்காமல் அவர்களே உயிரை விடுவதுண்டு என்றும் குறிக்கிறார். கல்கி படைத்த புலிகேசி இந்த மூன்றிலிருந்தும் விலகியவன். 1944 முதல் 1946 வரை கல்கி இதழில் தொடராக வந்த கதை அது. அடுத்த இதழுக்காக வாசகரைக் காத்திருக்க வைக்க வேண்டிய கதை. அதற்குப் பெரிய வில்லன் வேண்டும். ஒருவன் போதாதென்று அவனைப் போலவே முகமுள்ள அண்ணனாக நாகநந்தி என்ற பிக்ஷுவையும் கல்கி கற்பனை செய்தார். நாகநந்திக்கு எந்தக் கல்வெட்டும் கிடையாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நாவலாசிரியருக்கு உள்ள உரிமை அது. அந்தக் கதையில் உயிரோடு நடமாடும் பாத்திரம் நாகநந்திதான் என்பது என் எண்ணம்.

சிக்கல் அடுத்த கட்டத்தில் வருகிறது. வாதாபி எரிந்ததோடு கதை முடிகிறது, வரலாறு முடியவில்லை. சுமார் நூறு ஆண்டுகள் கழித்து, புலிகேசியின் வழிவந்த இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் வெற்றி வீரனாக நுழைந்தான். பழிக்குப் பழி வாங்க எல்லாக் காரணமும் இருந்தது. அவனோ கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைத் தொடாமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, அதை அந்தக் கோயில் மண்டபத் தூணிலேயே கன்னடத்தில் வெட்டி வைத்துவிட்டுப் போனான். இன்றும் காஞ்சிபுரம் போகிறவர்கள் அந்தக் கன்னட எழுத்துகளைப் பார்க்கலாம். அந்த வெற்றியின் நினைவாக அவன் அரசி லோகமகாதேவி பட்டடக்கல்லில் எழுப்பிய விருபாட்சர் கோயிலில் காஞ்சிக் கைலாசநாதரின் சாயலைக் காணலாம். இந்தத் தூணைப் பற்றித் தமிழில் யாரும் ஆயிரம் பக்கத்துக்குத் தொடர்கதை எழுதவில்லை. எழுதியிருந்தால் புலிகேசியின் வம்சத்தைப் பற்றி நமக்கு வேறோர் எண்ணம் வேரூன்றியிருக்கும்.

இனி அலமாரி. நூலகங்களில் பரவலாக உள்ள டூயி பகுப்பு முறையில் தமிழ் இலக்கியத்திற்கு 894.811 என்ற எண், கன்னட இலக்கியத்திற்கு 894.814. எண்ணளவில் பக்கத்துப் பக்கத்து வீடுகள். நடுவில் மலையாளம் மட்டும் இருக்கிறது. வரலாற்றுக்கு வந்தால் தமிழ்நாடு 954.82, கர்நாடகம் 954.87. எண் வரிசைப்படி அடுக்கிய நூலகத்தில் இலக்கியம் ஒரு பக்கம், வரலாறு வேறொரு பக்கம். வில்லன் 894இல் வாழ்கிறான். அவனுக்காக வாதாடும் கல்வெட்டுத் தொகுதிகள் 954இல் இருக்கின்றன. நாவல் எடுக்க வருகிறவர் நாவல் அடுக்கில் நின்று, நாவலை எடுத்து, தேதிச் சீட்டில் முத்திரை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். வரலாற்றுப் பக்கம் அவர் கால் போவதற்குக் காரணமே இல்லை.

கல்கி மட்டும் எந்தத் தமிழ் அடுக்கிலும் இல்லாமல் போவதில்லை. அதற்கும் காரணம் உண்டு. நூற்றாண்டை ஒட்டித் தமிழக அரசு அவருடைய படைப்புகளை நாட்டுடைமை ஆக்கியது. அதன்பின் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்றானது. மலிவுப் பதிப்பு, கெட்டி அட்டைப் பதிப்பு, ஐந்து பாகம் ஒரே கட்டு என்று பதிப்பகங்கள் போட்டி போட்டு வெளியிட்டன. நன்கொடையாக வரும் பெட்டிகளிலும் அவையே வருகின்றன. நான் அண்மையில் எடுத்த பிரதி, அட்டை கழன்று, காக்கித் துணி ஒட்டி மறுபடி கட்டப்பட்டது. தேதிச் சீட்டில் இடமில்லாமல் அதன்மேல் இன்னொரு சீட்டு ஒட்டியிருந்தார்கள். நாகநந்தி வரும் பக்கங்களின் ஓரத்தில் யாரோ ஒரு வாசகர் பென்சிலால் ‘நம்பாதே, நம்பாதே’ என்று எழுதி வைத்திருந்தார். அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில் ‘பாவம்’ என்று இருந்தது. இந்த இரண்டு வாசகர்களும் ஒருவரையொருவர் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு பொது நூலகத்தால் மட்டுமே அவர்களை ஒரே பக்கத்தில் சந்திக்க வைக்க முடிந்தது.

மற்றத் தமிழ் நூல்கள் பெங்களூருக்கு எளிதில் வந்து சேர்வதில்லை. 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலும் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி ஆகிய நான்கு நூலகங்களுக்கு அனுப்பப்பட வேண்டும். அதில் பெங்களூர் இல்லை. கர்நாடக நூலகத் துறை கன்னட நூல்களுக்கு முன்னுரிமை தருவது இயல்பு, நியாயமும்கூட. அதே சமயம் 1965ஆம் ஆண்டின் கர்நாடகப் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வசூலிக்கப்படுகிறது. அது சொத்து வரியில் 6 சதவீதம். அல்சூரில் வீடு வைத்திருக்கும் தமிழரும் அதைக் கட்டுகிறார். கப்பன் பூங்காவில் மாநில மைய நூலகம் இருக்கும் சிவப்புக் கட்டடம், 1883 முதல் 1901 வரை மைசூர் திவானாக இருந்த சேஷாத்ரி ஐயரின் நினைவு மண்டபம். அவர் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் வந்தவர். இந்த நூலகங்களில் நாம் விருந்தாளிகள் என்ற எண்ணத்தோடு நிற்க வேண்டியதில்லை. கேட்கலாம். கன்னட அடுக்கையும் நம்முடையதாக எண்ணிப் புரட்டலாம்.

அப்படிப் புரட்டினால் நமக்குச் சங்கடம் தரும் பக்கங்கள் வரும். ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி நமக்கு மனப்பாடம். ‘துடர்வன வேலிப் படர்வன வாசியும்’ என்று அவன் வென்ற நாடுகளை அது அடுக்கிக்கொண்டே போகும். அந்த வனவாசி, கர்நாடகத்தின் பனவாசி. கேட்கக் கம்பீரமாக இருக்கும் அந்த அடியின் மறுபக்கம் வட கர்நாடகத்தின் ஹொட்டூரில் 1007ஆம் ஆண்டுக் கல்லில் இருக்கிறது. சோழன் ஒன்பது லட்சம் பேர் கொண்ட சேனையோடு வந்து நாட்டைக் கொள்ளையிட்டான், பெண்களையும் குழந்தைகளையும் அந்தணர்களையும் கொன்றான், பெண்களைக் கவர்ந்து அவர்கள் குலத்தைக் கெடுத்தான் என்று சாளுக்கியன் சத்தியாசிரயன் காலத்து அந்தக் கல்வெட்டு குற்றம் சாட்டுகிறது. ஒன்பது லட்சம் என்பது மிகை என்றே கொள்ள வேண்டும். எதிரி எழுதியது என்பதும் உண்மை. ஆனாலும் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முன் நிற்கும்போது நமக்கு எழும் பெருமிதத்தைக் குறைத்துவிடுமோ என்று அஞ்சி இந்தக் கல்லைப் படிக்காமல் விடுவது முறையல்ல. நீலகண்ட சாஸ்திரி, சோழர்களை ஆழ்ந்து நேசித்து அவர்கள் வரலாற்றை எழுதியவர். அவர் இந்தக் கல்வெட்டை மறைக்கவில்லை, தம் நூலில் எடுத்து வைத்தார்.

‘பொன்னியின் செல்வ’னில் வில்லன் உருவான விதம் இன்னும் சுவையானது. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்கள் யார் என்பதற்குக் காட்டுமன்னார்கோயிலில், உடையார்குடிக் கல்வெட்டுச் சான்று இருக்கிறது. சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேசுவரனான இருமுடிச்சோழப் பிரமாதிராஜன் என்று பெயர்கள் இருக்கின்றன. துரோகிகள் என்று கல்லே சொல்கிறது. ஏன் கொன்றார்கள் என்று மட்டும் அது சொல்லவில்லை. கல் மௌனமான அந்த இடத்தில்தான் கல்கி நந்தினியைக் கொண்டுவந்து நிறுத்தினார். இன்று பெரும்பாலான வாசகருக்கு ரவிதாசனைவிட நந்தினியே வரலாற்று நபர். ஒரு நல்ல வில்லி வரலாற்றின் இடைவெளியை இவ்வளவு முழுமையாக நிரப்பிவிட முடியும்.

இன்னொரு வகை வில்லன் தமிழ் அடுக்கில் உண்டு, அவனைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அவன் சமணன். தேவாரத்திலும் பெரியபுராணத்திலும் வஞ்சகம் செய்கிறவர்களாக, அப்பரைச் சுண்ணாம்புக் காளவாயில் இடுகிறவர்களாக, மதுரையில் எண்ணாயிரம் பேர் கழுவேறுகிறவர்களாகச் சமணர்கள் வருகிறார்கள். பக்தி நூல்களைப் படித்தே வளர்ந்த வாசகருக்கு அந்தச் சித்திரம் ஆழப் பதிந்துவிடுகிறது. 894.814க்கு நகர்ந்தால் நிலைமை தலைகீழ். கன்னடத்தின் ஆதிகவி பம்பன் சமணர். பொன்னன், ரன்னன் சமணர்கள். பம்பன் 941இல் பாரதத்தைப் பாடியபோது, பாரதத்தில் யாரையாவது நினைப்பதானால் ஒன்றிய மனத்தோடு கர்ணனை நினை என்று சொல்லிவிட்டுப் போனார். ரன்னனின் கதாயுத்தத்தில் துரியோதனன் வீழும்போது படிப்பவர் மனம் கனக்கிறது. எதிரியின் பெருமையை இவ்வளவு பெருந்தன்மையோடு பாடக் கற்றது அந்த மரபு. நம்மிடமும் சீவக சிந்தாமணியும் நாலடியாரும் சமணர் தந்தவையே. ஆனால் பெரியபுராணமும் சிந்தாமணியும் ஒரே வாசகர் கையில் ஒரே மாதத்தில் சேர்வது அரிது.

இராவணனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கம்பனே அவனை ‘வெறுங்கையோடு இலங்கை புக்கான்’ என்று சொல்லும்போது நம்மை அழ வைத்துவிட்டார். புலவர் குழந்தை 1946இல் ‘இராவண காவியம்’ பாடி அவனைத் தலைவனாக்கினார். 1948இல் தடை செய்யப்பட்ட அந்நூல் 1971இல்தான் விடுதலை பெற்றது. இருபத்து மூன்று ஆண்டுகள் எந்த நூலகமும் அதை வெளிப்படையாக அலமாரியில் வைத்திருக்க முடியாது. அதே காலத்தில், 1949இல், குவெம்பு கன்னடத்தில் ‘ஸ்ரீ ராமாயண தரிசனம்’ எழுதி, இராவணனை மனம் திருந்துகிறவனாகப் படைத்தார். அதற்கு ஞானபீட விருது கிடைத்தது. அடுத்தடுத்த மாநிலங்களில், ஏறக்குறைய ஒரே ஆண்டுகளில், ஒரே வில்லனை இரண்டு கவிஞர்கள் கைதூக்கி விட்டிருக்கிறார்கள். ஒன்றுக்குத் தடை, மற்றொன்றுக்கு விருது. ஒருவர் இராமனை எதிர்த்து இராவணனை உயர்த்தினார், மற்றவர் இருவரையும் சேர்த்து உயர்த்தினார் என்பது அந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணம்.

கடந்த பல ஆண்டுகளாகப் பெங்களூரில் இந்த விவாதம் சூடாக நடப்பது திப்பு சுல்தானைப் பற்றித்தான். கர்நாடக அரசு 2015இல் திப்பு ஜெயந்தியைத் தொடங்கியது, 2019இல் ஆட்சிக்கு வந்த அரசு நிறுத்தியது. தமிழ் அடுக்கில் திப்புவுக்கு நல்ல இடம் இருக்கிறது. வேலு நாச்சியாருக்கு ஹைதர் அலி உதவினார், தீரன் சின்னமலை திப்புவோடு சேர்ந்து ஆங்கிலேயரை எதிர்த்தார் என்பதாகவே நம் நூல்களில் கதை செல்கிறது. நம் வீரர்களின் தோழர் என்ற முறையில் திப்புவும் நம்மவராகிவிடுகிறார். ஆனால் இதே பெங்களூரில், மல்லேசுவரத்தில், தமிழின் ஒரு வட்டார வழக்கை வீட்டில் பேசும் மண்டயம் ஐயங்கார்கள் இருக்கிறார்கள். மேல்கோட்டையில் தங்கள் முன்னோரைத் திப்பு கொன்ற நாள் என்று கூறி நரக சதுர்த்தசியைக் கொண்டாடாத குடும்பங்கள் அவர்களுக்குள் உண்டு. குடகிலும் மங்களூர்க் கத்தோலிக்கர் இடையிலும் திப்புவின் பெயர் இன்னும் காயம்தான். மறுபுறம், 1791இல் மராட்டியப் படையின் ஒரு பிரிவு சிருங்கேரி மடத்தைச் சூறையாடியபோது, அதைச் சீர்செய்யப் பணமும் பொருளும் அனுப்பி மடாதிபதிக்குத் திப்பு பணிவோடு எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. மைசூர்த் தொல்லியல் துறையின் இயக்குநராக இருந்த நரசிம்மாச்சார் 1916இல் அவற்றைக் கண்டெடுத்தார்.

கன்னட அடுக்கே இதில் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. கிரீஷ் கர்னாட், திப்பு தம் கைப்பட எழுதி வைத்த கனவுக் குறிப்புகளை வைத்து நாடகம் எழுதினார். அதில் திப்பு கனவு காணும் ஆட்சியாளர். எஸ்.எல். பைரப்பாவின் ‘ஆவரண’ 2007இல் வந்தது. அதில் திப்பு மதவெறியர். இரண்டுமே பெருவாரியாகப் படிக்கப்பட்ட எழுத்துகள். இவற்றுக்கு முன்பே ஆங்கில அடுக்கு ஒன்று உண்டு. 1799 மே 4இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின், வென்றவர்கள் திப்புவின் ஆவணங்களை அள்ளிக்கொண்டு போய், தங்களுக்கு வேண்டிய கடிதங்களைத் தேர்ந்து மொழிபெயர்த்து 1811இல் வெளியிட்டார்கள். படையெடுப்பை நியாயப்படுத்த வேண்டியவர்கள் தொகுத்த தொகுப்பு அது. திப்புவை வில்லனாகக் காட்டிய பிற்கால நூல்களில் பல அதிலிருந்து எடுத்தாள்கின்றன. அதற்காகக் குடகு மக்களின் நினைவு பொய் என்று ஆகிவிடாது. குடகில் கொடுமை நடந்தது, சிருங்கேரிக்குக் காணிக்கையும் போனது. இரண்டையும் செய்தவர் ஒரே மனிதர். இதைத் தாங்கிக்கொள்ளப் பழகாத வாசகர் ஏதாவது ஒரு புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்துவிடச் சொல்வார். நூலகர் அதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. திப்புவைப் போற்றும் நூலை நீக்கச் சொன்னாலும் சரி, தூற்றும் நூலை நீக்கச் சொன்னாலும் சரி.

எல்லாத் தரப்பும் சமம் என்று சொல்ல வரவில்லை. சான்று உள்ளதும் இல்லாததும் ஒன்றாகிவிடாது. நாகநந்திக்கும் ரவிதாசனுக்கும் உள்ள வேறுபாடு பெரியது. அந்த வேறுபாட்டை வாசகர் தாமே கண்டுகொள்ள, இரண்டு நூல்களும் அவர் கைக்கு எட்ட வேண்டும்.

நம் வாழ்நாளிலேயே உருவான நாயகன்-வில்லன் கதை வீரப்பனுடையது. 2000ஆம் ஆண்டு ராஜ்குமார் கடத்தப்பட்டு 108 நாள்கள் காட்டில் இருந்தபோது, பெங்களூரில் தமிழர்கள் எப்படி வாய் மூடி நடமாடினார்கள் என்பது அந்த வயதினருக்கு மறக்காது. 1991ஆம் ஆண்டுக் காவிரிக் கலவரத்தின் நினைவு அப்போதும் பசுமையாக இருந்தது. அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலையும் அந்த 1991இலிருந்து 2009 வரை திறக்கப்படாமல் மூடியே கிடந்தது. வீரப்பனைப் பற்றி இன்று இருவகை நூல்கள் கிடைக்கின்றன. காவல்துறை அதிகாரிகளின் நினைவுக் குறிப்புகளில் வீரப்பன் கொடூரன். வேறு சில நூல்களில் காட்டு ராஜா. இந்த இரண்டுக்கும் நடுவே ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ நிற்கிறது. 2004இல் வந்த நாவல். வீரப்பனைத் தேடி வந்த இரு மாநில அதிரடிப் படைகளின் கையில் சோளகர் பழங்குடி மக்கள் பட்ட வதையை அது சொல்கிறது. அந்தப் பெண்களின் கதையைப் படித்தபின் வீரப்பன் நாயகனா வில்லனா என்று கேட்கவே மனம் வராது. தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த சதாசிவா குழுவின் முன் அம்மக்கள் சொன்ன சாட்சியங்கள் நாவலுக்கு வெளியிலும் இருக்கின்றன. தமிழ், கன்னடம் என்று நாம் பிரிந்து நின்ற அந்த நாள்களில், கன்னட அதிரடிப் படையும் தமிழ் அதிரடிப் படையும் அந்த மக்களிடம் ஒரே மாதிரிதான் நடந்துகொண்டன. பெங்களூரின் ஒவ்வொரு தமிழ் அடுக்கிலும் இருக்க வேண்டிய நூல் இது. வாதாபியிலும் காஞ்சியிலும் ஹொட்டூரிலும் வெந்துபோன ஊர்களின் மக்களுக்கு இப்படி ஒரு நூலை எழுதி வைக்க யாரும் இருந்ததில்லை.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் இரண்டு, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பவை. பிற்காலத்தில் பெங்களூரிலேயே வாழ்ந்து, 1962இல் ஆவணவியல் ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தை இங்கே நிறுவி, 1972இல் இங்கேயே மறைந்தவர் அவர். புத்தகம் வாசகரைத் தேடிப் போக வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். அந்தப் பிடிவாதம் இந்த ஊர் நூலகங்களுக்கு இப்போது தேவை. ஒரு மேசை போதும். அதில் ‘சிவகாமியின் சபதம்’, பக்கத்தில் ஐஹொளெக் கல்வெட்டின் மொழிபெயர்ப்பு, பக்கத்தில் புலிகேசியைப் பற்றிய ஒரு கன்னட நூல், காஞ்சித் தூணின் படம். அடுத்த மாதம் இராவணன். அதற்கடுத்து திப்பு. மொழிபெயர்ப்புகளுக்கும் பஞ்சமில்லை. பெங்களூரில் நெடுங்காலம் வாழும் பாவண்ணன் ஒருவரே கர்னாட், பைரப்பா உட்பட எத்தனையோ கன்னட எழுத்தாளர்களைத் தமிழில் தந்திருக்கிறார். பைரப்பாவின் பாரத நாவலை ‘பருவம்’ என்று அவர் மொழிபெயர்த்ததற்குச் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசும் கிடைத்தது.

இங்குள்ள தமிழ் வீடுகளில் இன்னொரு வசதி இருக்கிறது, அதை நாம் பயன்படுத்துவதே இல்லை. பெரியவர்களுக்குத் தமிழ் படிக்க வரும், கன்னடம் பேச மட்டும் வரும். பிள்ளைகள் பள்ளியில் கன்னடம் கட்டாயமாகப் படிக்கிறார்கள், தமிழைப் பேச மட்டும் தெரிந்தவர்களாக வளர்கிறார்கள். 894.811க்கும் 894.814க்கும் உரிய வாசகர்கள் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பாட்டி கல்கியையும், பேத்தி தன் கன்னடப் புத்தகத்தின் புலிகேசிப் பாடத்தையும் உரக்கப் படிக்கிற ஒரு வாசிப்புக் கூட்டத்தை அல்சூர்த் தமிழ்ச் சங்க நூலகமோ புலிகேசி நகர்ப் பக்கத்து எந்தக் கிளை நூலகமோ நடத்தலாம். படித்து முடித்ததும் பேத்தி கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல 954ஆம் எண் அடுக்கிலிருந்து இரண்டு நூல்களை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளும்படி நூலகரிடம் சொல்லிவிட வேண்டும்.